முப்பதாவது கோடு

பொருள்களுக்கு மூன்று நிலைகள்தான் உண்டு என்று உலகம் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறது. திடம், திரவம், வாயு. நான்காவது நிலையைக் கண்டுபிடித்த பெருமை சாரி-அய்கிர் மாவட்ட நிர்வாகத்தைச் சேரும். அதன் பெயர் 'பரிசீலனையில் உள்ள' நிலை. இந்த நிலையில் துகள்கள் நகர்வதில்லை, நிற்பதும் இல்லை. வைத்த கோப்பின் வடிவத்தைப் பொருள் எடுத்துக்கொள்ளும். சூடாக்கினால் உருகாது. குளிரவைத்தால் உறையாது. பள்ளிக்கூடத்துக்கு ஓர் ஆய்வுக்கூடம் வேண்டும் என்று எசென்குல் எழுதிக் கொடுத்த மனு பதினோரு ஆண்டுகளாக இந்த நிலையில் இருந்தது.

எசென்குல் ஏழாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துபவர். மாவட்டமே அவரை அகாய் என்று அழைத்தது. அங்கே வாத்தியாரை வேறெப்படியும் அழைக்க வழியில்லை. அவருடைய பள்ளியில் இருந்த அறிவியல் கருவிகள் இரண்டு. விரிசல் விட்ட ஒரு கண்ணாடிக் குவளை. எதையும் இழுக்காத ஒரு காந்தம். ஆகவே துகள் கொள்கையை நடத்தும்போது பிள்ளைகளையே துகள்களாக்கினார். தோளோடு தோள் ஒட்டி நிற்கச் சொல்வார். அது திடம். பிடியை விட்டு, ஒருவரையொருவர் உரசிக்கொண்டு அறைக்குள் நடக்கச் சொல்வார். அது திரவம். பிறகு கதவைத் திறந்துவிடுவார். அது வாயு. வாயு நிலைக்குப் போன வகுப்பு திரும்ப வந்ததாக வரலாறு இல்லை. புல் அறுக்கும் பருவமாக இருந்தால் மறுநாளும் வராது. வாயுவுக்குக் குறிப்பிட்ட வடிவமும் கிடையாது, வருகைப் பதிவும் கிடையாது என்று அகாய் கரும்பலகையில் எழுதிவைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்.

இப்படிப்பட்ட மனிதரை அறிவியல் ஒருநாள் தேடி வரத்தான் செய்யும். ஜூன் மாதக் கடைசியில் வந்தது. மாவட்டத் துணைத் தலைவர் மாம்பெதலியின் வண்டியில் வந்தது.

நடந்தது இதுதான். தலைநகரத்துப் பெரிய மனிதர் ஒருவர் மலைச்சாலையில் போகும்போது குமிஸ் குடித்தார். கோடையில் அந்தச் சாலையில் போகிறவர் எவரும் குடிக்காமல் போவதில்லை. கணவாயிலிருந்து பாலம் வரை பதினான்கு கம்பளிக் கூடாரங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் குதிரைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புகையூட்டிய தோல்பை. அதில் குதிரைப்பாலை ஊற்றி, நாள்முழுக்க மத்தால் அடித்து அடித்துப் புளிக்கவைப்பதுதான் குமிஸ். பெரிய மனிதர் ஒன்பது கிண்ணம் குடித்தார். அன்று மாலை அவருடைய வயிறு மூன்று நிலைகளையும் ஒரே நேரத்தில் நிரூபித்தது. குமிஸில் தண்ணீர் கலந்திருக்கிறார்கள் என்று புகார் எழுதினார். ஒன்பது கிண்ணம் என்பதை இடப்பற்றாக்குறையால் விட்டுவிட்டார்.

மாம்பெதலி உடனே தலைநகரம் போய் மூன்று நாள் பயிற்சி பெற்றார். திரும்பும்போது ஒரு பால்மானி கொண்டுவந்தார். கண்ணாடிக் குழல், அடியில் ஈயக் குண்டு. கெட்டியான பாலில் உயர்ந்து மிதக்கும். தண்ணீர் கலந்த பாலில் அமிழும். முப்பது என்று போட்ட இடத்தில் ஒரு சிவப்புக் கோடு. அது வந்த பெட்டியின் மூடியில் ஒரு பசுவின் படம் இருந்தது. மாவட்ட அலுவலகத்தில் எல்லோரும் அந்தப் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். அழகான பசு என்று ஒருமனதாகச் சொன்னார்கள்.

மறுநாளே தீர்மானம் நிறைவேறியது. சாலையோரம் விற்கப்படும் வெண்ணிறத் திரவம் எதுவாயினும் அதன் அடர்த்தி முப்பதாவது கோட்டுக்குக் குறையலாகாது. ஒருமுறை குறைந்தால் எச்சரிக்கை. இரண்டாம் முறை கூடாரத்துக்கு வெளியே பலகை. மூன்றாம் முறை சாலையோர இடம் பறிக்கப்படும்.

அளந்து பார்க்க ஒரு குழு அமைத்தார்கள். அதற்கு ஓர் 'அறிவியல் ஆலோசகர்' தேவைப்பட்டார். மாம்பெதலி எசென்குலைக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் ஒரு பழைய கோப்பு இருந்தது.

"அகாய், உங்க ஆய்வுக்கூட மனுதான் இது. அடியில கிடந்துச்சு. இப்ப மேல வந்திருக்கு."

பதினோரு ஆண்டுகளில் அந்த மனு நகர்ந்தது அதுவே முதல் முறை. எசென்குல் அதைக் கண்ணால் கண்டார். அப்போதே ஆலோசகர் ஆனார்.

பால்மானியின் குறிப்பேட்டில் இருபது பாகை வெப்பத்தில் அளக்க வேண்டும் என்று இருந்தது. ஜூலை மாத மேய்ச்சல் நிலத்தில் பகல் ஒரு மணிக்கு இருபது பாகை வரும். இரண்டு மணிக்குப் போய்விடும். எனவே குழு அந்த ஒரு மணி நேரம் மட்டும் கடுமையாக உழைத்தது. மீதி நேரத்தில் வெப்பம் வருவதற்காகக் கூடாரங்களுக்குள் உட்கார்ந்து காத்திருந்தது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. கூடாரத்துக்குள் வருகிறவர் யாராக இருந்தாலும் தோல்பைக்குப் போய் மத்தைப் பிடித்து நாலு அடி அடிக்க வேண்டும். பிறகு உட்கார்ந்து குடிக்க வேண்டும். குடித்த பிறகுதான் வந்த காரியம் என்னவென்று கேட்பார்கள். அதற்கு முன் காரியத்தைச் சொல்வது மரியாதை இல்லை. குழு மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. முதல் கூடாரத்தின் அளவீடும் ஆறாவது கூடாரத்தின் அளவீடும் இரண்டு வேறு கையெழுத்துகளில் இருக்கின்றன. இரண்டும் மாம்பெதலியுடையவை.

ஏழாவது கூடாரம் உல்கானுடையது. நாற்பத்தோராவது கல்லருகே, கணவாயிலிருந்து இறங்கும் லாரிகள் சூடு ஆற நிற்கும் வளைவில் இருந்தது. பதினெட்டுக் கோடைகளாக அதே வளைவு. கணவர் போன பிறகும் பன்னிரண்டு குதிரைகளைத் தனியாளாகக் கறந்தார். ஒரு நாளைக்கு ஆறு முறை கறக்க வேண்டும். உல்கானின் குமிஸ் நாக்கில் பட்டதும் கொஞ்சம் கடிக்கும். தொண்டையில் இறங்கும்போது மூக்கில் ஏறும். வயிற்றில் சேர்ந்ததும் எதிரில் இருப்பவரை மன்னித்துவிடத் தோன்றும். அதைத் தேடி இரண்டு மாவட்டம் தள்ளியிருந்து வந்தார்கள்.

மாம்பெதலி மத்தால் நாலு அடி அடித்தார். மூன்று கிண்ணம் குடித்தார். பிறகு ஒரு குடுவையில் ஊற்றச் சொன்னார். கால்மணி நேரம் நுரை அடங்கவிட்டு, பால்மானியை இறக்கினார். அது இறங்கியது. இன்னும் இறங்கியது. கழுத்தளவு அமிழ்ந்து நின்றது.

"பதினாலு."

உல்கான் எட்டிப் பார்த்தார். "பதினாலுன்னா நல்லதா தம்பி?"

"முப்பது இருக்கணும் எஜே."

மாம்பெதலி அரசு வேலையில் இருந்தாலும் மூத்த பெண்ணை அக்கா முறையில் எஜே என்று அழைக்கத் தவறாதவர்.

"எது முப்பது இருக்கணும்?"

"கோடு."

"கோடு உங்களோடது. குமிஸ் என்னோடது. ரெண்டும் எதுக்கு ஒத்துப்போகணும்?"

இந்தக் கேள்வி விதிமுறைகளில் இல்லாததால் மாம்பெதலி ஆலோசகரைப் பார்த்தார்.

எசென்குலுக்கு விடை தெரியும். பசுவின் படத்தைப் பார்த்த நாளிலேயே தெரியும். கறந்த சூட்டில் குதிரைப்பாலும் முப்பதைத் தாண்டித்தான் நிற்கும். புளிக்கத் தொடங்கியதும் அதிலுள்ள சர்க்கரை உடைகிறது. ஒரு பாதி வாயுவாகிப் பையின் வாய்வழியே வெளியேறிவிடுகிறது. இன்னொரு பாதி மனிதரைப் பாடவைக்கும் பொருளாகிறது. அது தண்ணீரைவிட இலேசானது. ஆகவே குமிஸ் எவ்வளவு நன்றாகப் பழுக்கிறதோ அவ்வளவு அடர்த்தி குறையும். பதினான்கு என்பது ஒரு சொட்டுத் தண்ணீரும் கலக்காத கைக்குக் கிடைத்த மதிப்பெண். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புரியும்படி இதை நாலு வரியில் சொல்லிவிடலாம்.

"அகாய், ஏதாவது சொல்லணுமா?" என்றார் மாம்பெதலி. "கோப்பு நாளைக்கு மாகாணத்துக்குப் போகுது. உங்க ஆய்வுக்கூடத்தையும் அதுலயே சேர்த்திருக்கேன்."

எசென்குல் குனிந்து கண்ணாடியை நன்றாகப் பார்த்தார்.

"சரியாத்தான் படிச்சிருக்கீங்க. பதினாலு."

உண்மையும் அதுதான். கண்ணாடியில் பதினான்கு என்றுதான் இருந்தது. அகாய் பொய் சொல்லிப் பழகாதவர்.

எட்டாவது கூடாரத்தில் தொரொகெல்தி இருந்தார். வேலை அவருக்கு ஒத்துக்கொள்ளாது. மத்தைக் காலையில் ஒருமுறை தொடுவார். பிறகு வெயிலில் படுத்துக்கொண்டு குதிரைகளுக்கு யோசனை சொல்வார். அவர் பையில் இருந்தது பாலும் இல்லை, குமிஸும் இல்லை. அதன் அளவீடு இருபத்தேழு வந்தது. இன்னும் மூன்றுதான் வேண்டும் என்று மாம்பெதலி தட்டிக்கொடுத்தார்.

தொரொகெல்தி அன்றே சர்க்கரை போட்டார். மறுவாரம் முப்பத்திரண்டு. ஊக்கம் பெற்று உப்பும் பால்பொடியும் சேர்த்தார். முப்பத்தொன்பது. அதற்கடுத்த வாரம் வறுத்த மாவைக் கரைத்து ஊற்றினார். பால்மானி உள்ளே இறங்க மறுத்து மேலே படுத்துக்கொண்டது. அந்த அளவுக்குக் கோடு இல்லாததால் குழு அவருக்கு 'அடர்த்திச் செம்மல்' என்ற சான்றிதழ் வழங்கியது. அவருடைய வெற்றியைக் கண்டு மற்றக் கூடாரங்களும் விழித்துக்கொண்டன. ஜூலை முடிவதற்குள் பள்ளத்தாக்கு முழுவதும் குமிஸ் கெட்டிப்பட்டுவிட்டது. ஒரு லாரி ஓட்டுநர் கிண்ணத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, தட்டும் கரண்டியும் கேட்டாராம்.

இது திரவமா திடமா என்று மாவட்டக் கூட்டத்தில் கேள்வி எழுந்தது. திடம் என்றால் குழுவின் அதிகாரத்துக்குள் வராது. இரண்டு மணி நேரம் விவாதம் நடந்தது. ஆலோசகரின் கருத்தைக் கேட்டார்கள். துகள்கள் நகர விரும்புகின்றன, ஆனால் அனுமதிக்குக் காத்திருக்கின்றன என்றார் எசென்குல். அது அப்படியே பதிவாகியது.

உல்கான் ஒன்றும் சேர்க்கவில்லை. இரண்டாவது சோதனையில் பதின்மூன்று வந்தது. மாம்பெதலி தகரப் பலகையை நாற்பத்தோராவது கல்லருகே தானே நின்று நடவைத்தார். சிவப்பு எழுத்தில் இரண்டு வரி. 'உல்கான். நீர் கலந்தது.' அடியில் சிறிய எழுத்தில்: 'அறிவியல் ஆலோசகரால் உறுதிசெய்யப்பட்டது.'

நிர்வாகம் செய்த நன்மைகளில் இதைத் தலையாயதாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நல்ல குமிஸ் எங்கே கிடைக்கும் என்று அதுவரை வாய்வழியாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இப்போது எழுதியே வைத்திருந்தது. ஓட்டுநர்கள் மற்றப் பதின்மூன்று கூடாரங்களையும் விட்டுவிட்டுச் சிவப்பு எழுத்தைத் தேடி வந்தார்கள். வளைவில் லாரிகள் வரிசைகட்டின. 'அடர்த்திச் செம்மல்' தொரொகெல்தியே தினமும் சாயங்காலம் வந்து இரண்டு கிண்ணம் குடித்தார். தனக்கும் ஒரு பலகை தரச்சொல்லி மனுவும் கொடுத்தார். தகுதியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மகிழ்ச்சியடையாதவர் ஒருவர்தான். பலகை வைத்த நாளிலிருந்து உல்கான் பலகை நிற்கும் சாலைப்பக்கம் தலைகாட்டாமல், குதிரைகள் நிற்கும் பின்பக்கமாகப் போய்வந்தார். லாரிக்காரர்கள் பிரியத்தோடு 'தண்ணி உல்கான்' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். கூப்பிட்டவருக்குக் கிண்ணம் பாதிதான் நிறைந்தது.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு 'அடர்த்தித் திருநாள்' என்று அறிவிக்கப்பட்டது. மாகாணத் தலைவர் வருகிறார். அவர் முன்னிலையில் மூன்றாவது சோதனை. குறைந்தால் நாற்பத்தோராவது கல் தொரொகெல்திக்குப் போகும்.

அந்த வாரம் எசென்குல் பள்ளியில் வகுப்பறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். கோடை விடுமுறையில் ஆசிரியர்கள்தான் அடிக்க வேண்டும். உல்கான் வாசலில் வந்து நின்றார். குதிரையிலிருந்து இறங்கிய வேகத்தில் மூச்சு வாங்கியது.

"அகாய், எத்தனை வருஷமா என்கிட்ட குடிக்கிறீங்க?"

"நீங்க வளைவுக்கு வந்ததுல இருந்து எஜே."

"தண்ணி கலந்திருக்கா?"

எசென்குல் தூரிகையை வாளியில் வைத்தார். சர்க்கரை உடைவதைச் சொன்னார். வாயு வெளியேறுவதைச் சொன்னார். துகள்களின் இடைவெளியைப் பற்றிச் சொன்னார். சுவரில் ஈரச் சுண்ணாம்பின் மேலேயே விரலால் வட்டங்கள் போட்டு விளக்கினார். அவர் நடத்திய பாடங்களில் இதைவிடச் சிறந்தது இல்லை. கேட்பவர் வாயு நிலைக்கும் போகவில்லை.

உல்கான் பொறுமையாகக் கேட்டார். "இதெல்லாம் எனக்கு எதுக்கு? தண்ணி கலந்திருக்கா இல்லையா?"

"இல்ல."

"இதை ஞாயித்துக்கிழமை அத்தனை பேர் முன்னாடி சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தை போதும். இடம் போனாலும் பரவாயில்ல. நாலு குதிரையை வித்துட்டு மேல போய் இருந்துக்குவேன். பேரு அங்க நிக்குது, அகாய். தகரத்துல எழுதி நிக்குது. அதுக்குக் கீழ உங்க பேரும் நிக்குது."

"என் பேர் இல்ல எஜே. ஆலோசகர்னுதான் போட்டிருக்கு."

 உல்கான் சுவரில் ஒரு மூலை விட்டுப்போயிருப்பதைக் காட்டிவிட்டுப் போனார்.

எசென்குல் நான்கு நாள் சிந்தித்தார். ஒரு பக்கம் ஒரு வார்த்தை. மறுபக்கம் ஓர் ஆய்வுக்கூடம்: பன்னிரண்டு மேசைகள், தராசு, விரிசலில்லாத குவளைகள். அந்த ஆய்வுக்கூடம் வந்தால் ஆண்டுக்கு நாற்பது பிள்ளைகள் உண்மையைக் கண்ணால் காண்பார்கள். நாற்பது பேர் காணப்போகும் உண்மைக்காக ஒருவர் சொல்லவேண்டிய உண்மையைத் தள்ளிவைப்பதா என்பதுதான் பிரச்சினை. கணக்கு எளிது. நாற்பது பெரியது. அறிவியலுக்காக இப்படி அறிவியலையே தியாகம் செய்ய முன்வந்தவர்கள் உலகில் குறைவு. அவர் இரவில் நன்றாகத் தூங்கினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஞாயிறு வெயிலோடு வந்தது. வளைவில் கொடிகள் கட்டியிருந்தார்கள். பொரித்த மாவுத் துண்டுகளை மலைபோல் குவித்திருந்தார்கள். மாகாணத் தலைவர் உயரமானவர், அகலமானவர். தொலைக்காட்சிக்காரர்கள் இருவர் அவருக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து வந்தார்கள். உல்கான் மத்தைக் காட்டினார். வழக்கம் வழக்கம்தான்.

மாகாணத் தலைவர் நாலு அடி அடித்தார். நன்றாக வருகிறது, தொடருங்கள் என்றார் ஒளிப்பதிவாளர். தலைவர் மேலங்கியைக் கழற்றினார். சின்ன வயதில் தன் ஊரில் ஒரே மூச்சில் முந்நூறு அடி அடித்ததாகச் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. எனவே நிரூபிக்க வேண்டியதாயிற்று. கூட்டம் எண்ணியது. நூறில் சட்டைக் கையை மடித்தார். இருநூறில் முகம் சிவந்தது. முந்நூறில் தோல்பை ஒரு மிருகத்தைப் போல மூச்சுவிட்டது. பையின் வாயில் நுரை பொங்கியது.

வெப்பம் இருபது பாகை. மணி ஒன்றேமுக்கால். நுரை அடங்கக் காத்திருக்க நேரமில்லை. மாம்பெதலி அவசரமாகக் குடுவையை நிரப்பிப் பால்மானியை விட்டார். ஆயிரம் குமிழிகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அதைத் தோளில் தூக்கின. அது எம்பி நின்றது.

"முப்பத்தாறு," என்றார் மாம்பெதலி, தன் குரலைத் தானே நம்பாமல்.

கூட்டம் ஆர்ப்பரித்தது. அதற்குள் குமிழிகள் ஒவ்வொன்றாக உடைந்தன. கண்ணாடி மெல்ல இறங்கியது. முப்பத்து மூன்று. இருபத்தெட்டு. மாம்பெதலி ஒவ்வொன்றையும் எழுதி ஒவ்வொன்றையும் அடித்தார். இருபது. கடைசியில் பதின்மூன்றில் போய் உட்கார்ந்தது.

மாகாணத் தலைவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "எது சரி?"

மாம்பெதலி திரும்பினார். தொலைக்காட்சி திரும்பியது. தொரொகெல்தி உட்பட நானூறு பேர் திரும்பினார்கள். நிர்வாகத்தைப் பற்றி இனி யாரும் குறை சொல்லக்கூடாது. ஓர் ஏழாம் வகுப்பு ஆசிரியரின் வார்த்தைக்காக அது முழுசாக நின்று காத்திருந்தது. உல்கானும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை தோல்பையின் மேல் இருந்தது.

எசென்குல் தொண்டையைச் செருமினார்.

"முதல்ல படிச்சதுதான் சரி. நல்லா கடைஞ்சா துகள்கள் நெருங்கி நிக்கும். அடர்த்தி கூடும். இதுவரைக்கும் இந்த மாவட்டத்துல யாரும் இவ்வளவு பலமா கடைஞ்சதில்ல. ஐயா கடைஞ்சிருக்கார்."

 கைதட்டல் மலையில் மோதித் திரும்பி வந்தது.

அந்த ஐந்து வாக்கியங்களின் அழகை நிதானமாகக் கவனிக்க வேண்டும். உல்கானுக்கு இடம் தங்கியது. மாம்பெதலியின் கோட்டுக்கு இழுக்கு வரவில்லை. மாகாணத் தலைவரின் புஜங்கள் அறிவியல் அங்கீகாரம் பெற்றன. எதிர்பார்த்து வந்த தொரொகெல்திகூட வருத்தப்படவில்லை. வளைவில் வேலை அதிகம் என்று அவர் பயந்துகொண்டிருந்தார். அத்தனை பேருக்கும் நியாயம் கிடைத்தது. உண்மை ஒன்றுதான் உட்கார இடமில்லாமல் நின்றது. அதற்கு நின்று பழக்கம்.

ஆய்வுக்கூடத்துக்கு அங்கேயே, குதிரையின் முதுகில் காகிதத்தை வைத்து, கையெழுத்தாயிற்று. மறுநாள் திருத்தத் தீர்மானமும் வந்தது. இனி ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன்னால் உரிய பதவியில் உள்ள அலுவலர் ஒருவர் முந்நூறு அடி அடிக்க வேண்டும். குமிழி உடைவதற்குள் படித்துவிட வேண்டும். முந்தைய இரண்டு சோதனைகளும் அப்போதைய விதிப்படி சரியானவையே என்பதால் கோப்பில் அப்படியே இருக்கும். பலகையை எடுப்பதற்கு விதி இல்லை. சேர்ப்பதற்கு உண்டு.

ஒரு வாரம் கழித்து எசென்குல் நாற்பத்தோராவது கல்லுக்குப் போனார். நன்றியை எதிர்பார்த்துப் போனார் என்று சொல்வது சரியல்ல. நன்றி சொல்ல உல்கானுக்கு ஒரு வாய்ப்புத் தரலாமே என்று போனார். பலகையில் புதிதாக நீல எழுத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தது. இப்போது முழுவதும் இப்படி இருந்தது: 'உல்கான். நீர் கலந்தது. தற்போது இல்லை.'

லாரிகள் எதுவும் நிற்கவில்லை. தண்ணீர் கலப்பதை நிறுத்திவிட்டாராம் என்று ஓட்டுநர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டு நேராகப் போய்விட்டார்கள்.

உல்கான் வரவேற்றார். முகத்தில் ஒரு குறையும் இல்லை. எசென்குல் மத்தால் நாலு அடி அடித்துவிட்டு மரியாதைக்குரிய இடத்தில், கதவுக்கு எதிரே, உட்கார்ந்தார். பெரிய கிண்ணம் வந்தது. விளிம்புவரை நிறைந்திருந்தது. இரண்டு கைகளாலும் வாங்கினார்.

ஒரு மிடறு குடித்தார். நிறுத்தினார். நாக்கை மேலண்ணத்தில் அழுத்திப் பார்த்தார். இன்னொரு மிடறு குடித்தார்.

"எஜே, இதுல தண்ணி கலந்திருக்கே."

"அப்படியா? எவ்வளவு இருக்கும்?"

"மூணுல ஒரு பங்கு. குறையாது."

"சரியாச் சொன்னீங்க. ஓடையில மொண்டு நானேதான் ஊத்துனேன். பதினெட்டு வருஷத்துல இதுதான் முதல் தடவை, உங்க ஒருத்தருக்கு மட்டும்." உல்கான் துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். "கருவி இல்ல, கோடு இல்ல, யாரும் உங்களைக் கேக்கக்கூட இல்ல. எவ்வளவு சுலபமா வந்துடுச்சு பாருங்க அகாய், அந்த வார்த்தை."